பச்சைக் கவுனுக்குச் சிவப்புக் கரை

இந்தச் சித்திரைக்கும் கைப்போனில் இரண்டு செய்தி வந்தது. வருஷம் பிறக்கிற நேரம், தலையில் மருத்துநீர் வைக்கிற நேரம், உடுக்க வேண்டிய நிறம் எல்லாம் இரண்டிலும் இருந்தது. ஒன்று வாக்கிய பஞ்சாங்கப்படி, மற்றது திருக்கணிதப்படி. நிறம்கூட ஒத்துப்போகவில்லை. என் மூத்த மகள் போனை நீட்டி, எந்தக் கலரில் எடுக்கலாம் என்று கேட்டாள். ஒன்றை உடுத்து, மற்றதைக் கரையாக வைத்துக்கொள் என்றேன். அம்மாவுக்கு நல்ல மூளை என்று சிரித்துக்கொண்டு போனாள். அது என் மூளை இல்லை. என் அம்மாவின் மூளை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். எனக்கு அதிகம் படிப்பில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பா, வெள்ளைக்காரர்கள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரு வாசனைத் தோட்டத்தில் மிளகுக் கொடிக்கும் ஏலச் செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா முன்னறையில் ஜன்னலோரம் மெசின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்கிற மெசின். ரோட்டில் பாரமான லொறி வந்தால் ஜன்னல் கண்ணாடியும் மெசினும் சேர்ந்து அதிரும். சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அம்மா காலை நிறுத்திவிடுவாள். லொறி போன பிறகுதான் மறுபடி மிதிப்பாள். அந்த அதிர்வில் தையல் கோணிவிடுமாம். நாட்டிலே போகிற வருகிற லொறிக்கெல்லாம் எழும்பி மரியாதை செய்கிற ஒரே தையல்காரி என் பெண்சாதிதான் என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

அம்மா கொக்கோத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கன்னியாஸ்திரிமார் நடத்திய தையல் வகுப்பில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவர்களிடம் தையலைத்தான் எடுத்தாள். சாமியை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை மெசின் சக்கரத்துக்குக் குங்குமம் வைப்பாள். புதுத் துணியில் கத்தரி வைக்கும் முன்னால் கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு ரவிக்கைக்கு ஒன்பது நொட்டை சொல்லுகிற பெண்கள் வந்து நின்றாலும் அம்மாவுக்குக் குரல் உயராது. "போட்டுட்டு ஒரு தடவ கைய தூக்கிப் பாருங்க அக்கா, பிறகு ஏசுங்க" என்பாள். தூக்கிப் பார்த்த பிறகு யாரும் ஏசி நான் கேட்டதில்லை.

வந்தவர்கள் எல்லாம் ரோட்டோரத்து ஆட்கள். தோட்டத்துப் பெண்கள் வரமாட்டார்கள். அவர்கள் பெருநாள் திருநாள் என்றால் மாத்தளை டவுனில் நடைபாதைக் கடைகளில் தைத்த உடுப்பாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களையும் எப்படியாவது தன் வாசலுக்கு வரவைக்க வேண்டும், இன்னொரு மெசின் வாங்கி ஒரு பிள்ளையைப் பழக்கிப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் முன்னறையில் இன்னொரு மெசின் வைக்கிற அளவுக்கு ஒரு மூலையை எப்போதும் காலியாக வைத்திருந்தாள். அங்கே நான் விளையாட உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவாள்.

அந்த வருஷம் மாசி முடிகிற நேரம், மேட்டு லயத்துப் பெரியக்கா வந்தாள். அவளுக்கு வேறு பேர் இருந்திருக்கும். தோட்டம் முழுக்கப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். கையில் ஒரு கட்டு சணல் நூல். லயத்துப் பொம்பளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருஷப் பிறப்புக்கு ஒரே மாதிரி கவுன் வேண்டும், தோட்டத்துக் கோயிலுக்கு வரிசையாக நடந்து போக வேண்டும் என்றாள். பிள்ளைக்கு ஒரு நூல். தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒரு முடிச்சு. எந்த நூல் எந்தப் பிள்ளையுடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் நுனியிலும் ஏதோ ஒன்று கட்டியிருந்தது. ஒன்றில் வளையல் துண்டு, ஒன்றில் பட்டன், ஒன்றில் கோழி இறகு.

"கடையில வாங்குறது ரெண்டு தடவ தொவச்சா சல்லடையாப் போவுது தங்கச்சி. நான்தான் ஒங்க பேரச் சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வச்சேன். இது சரியா வந்தா கீழ்த் தோட்டமும் ஒங்ககிட்டதான். சரியா வரல்லன்னா என்னையத்தான் தண்ணிப் பீலியடியில வச்சு நாறடிப்பாளுங்க."

எந்த நிறம் என்று அம்மா கேட்டாள். பஞ்சாங்கம் என்ன சொல்லுதோ அது என்றாள் பெரியக்கா.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை. காலண்டர், பஞ்சாங்கம், சோதனைத் தாள் எல்லாம் அவர் கைக்குத்தான் முதலில் வரும். அதனால் உலகத்தில் நடப்பது, நடக்கப்போவது இரண்டும் தனக்குத்தான் முதலில் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே செய்தி சொல்லத் தொடங்கிவிடுவார். அம்மா நிறம் கேட்டதும் அவர் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை.

"பச்ச. கண்ண மூடிக்கிட்டு வாங்குக்கா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். நல்ல வெற்றிலைப் பச்சையில் ஒரு கட்டுத் துணி. பங்குனி முழுக்க எங்கள் வீடு பச்சையாக இருந்தது. சோற்றில் பச்சை நூல் கிடந்தது, என் தலையில் பச்சை வெட்டுத் துணி ஒட்டியிருந்தது. அம்மா ஒரு நாள் முழுக்கக் கையாகவே தைப்பாள், ஒரு நாள் முழுக்கக் கழுத்தாகவே தைப்பாள். ஆணியில் தொங்குகிற நூல்களில் கேட்டதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கோழி இறகுக்காரி யார், அவள் என்னைவிட உயரமா என்று நான் முடிச்சை என் தோளில் வைத்து அளந்து பார்ப்பேன். முகம் தெரியாத அத்தனை பிள்ளைகளின் முழங்கால் உயரமும் எனக்கு மனப்பாடம்.

வருஷம் பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, பின்னேர மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரியக்கா வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கம்பியில் வரிசையாகத் தொங்கிய பச்சைக் கவுன்களைப் பார்த்தபடி வாசலிலேயே குந்திவிட்டாள். தோட்டத்துக் கோயில் பூசாரி நேற்றுப் பூசையில் சிவப்பு என்று சொல்லிவிட்டாராம். தோட்டம் முழுக்கச் சிவப்பு என்று பரவிவிட்டதாம்.

அம்மா மெசின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பச்சைதானே என்று தம்பி சொன்னான் என்றாள்.

"எனக்கு எந்தக் கலரும் ஒண்ணுதான் தங்கச்சி. ஆனா பச்சையப் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனாங்கன்னா, வருசம் முழுக்க எந்தப் புள்ளைக்கு இருமல் வந்தாலும் பச்சதான் காரணம்பாளுங்க. எந்த ஆத்தா தன் புள்ளைக்கு இத மாட்டிவிடுவா?"

அம்மாவுக்கும் பிள்ளை இருந்தது, அவளும் அப்படித்தான் நினைப்பாள். நாளை மறுநாள் காலையில் வாருங்கள் என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணி குடிக்கவைத்து அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அப்பா போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா கக்கத்தில் இரண்டு பஞ்சாங்கம். ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. தான் சொன்னதில் பிழையே இல்லை, அது வாக்கியம், தோட்டத்துப் பூசாரி பார்ப்பது திருக்கணிதம், கிரகங்களைக் கணக்குப் போடுவதில் இரண்டுக்கும் பழைய தகராறு என்று நெடுநேரம் விளங்கப்படுத்தினார். பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கம்பியில் கவுன்கள் தொங்குகிற பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வாயில மண்ணப் போட்டுட்டேன்கா" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒரு தட்டில் கொண்டைப் பணியாரம் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்.

"ஒரே வருசத்துக்கு ஒங்களுக்கு ரெண்டு கலரா? எங்களுக்கு வேற ஒண்ணு சொல்லியிருக்கே."

அம்மா அந்த இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தாள். சிரித்துவிட்டு மாமாவிடம், திருக்கணிதத்தில் அந்த இடத்தை முழுக்க வாசிக்கச் சொன்னாள். மாமா எப்போதும் நிறத்தோடு நிறுத்திவிடுகிறவர். அன்றைக்குத்தான் முழு வாக்கியத்தையும் வாசித்தார். சிவப்பு நிறப் பட்டாடை, அல்லது சிவப்புக் கரை அமைந்த புதிய ஆடை.

அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு எழும்பிப் போய் ஒரு கவுனின் ஓரத்தைக் கையில் எடுத்து, விரலால் ஒரு அகலம் அளந்து பார்த்தாள். கீழ் ஓரத்தில் ஒரு கரை, கைகளில் ஒரு கரை. முழங்காலுக்குக் கொஞ்சம் இறங்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

மாமாவுக்கு உயிர் வந்தது. சிவப்புத் துணி தான் கொண்டுவருகிறேன் என்று பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு ஓடினார். பின்னேரம் நனைந்துபோய் வந்தார். டவுனில் யார் யாரோ திருக்கணிதம் பார்த்திருக்கிறார்கள். ஒரு கடையிலும் சிவப்பு இல்லை. மாமாவின் பையில் இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடையில் கட்டுகிற சிவப்பு ரிப்பன், ஒரு சுருள். அதை மேசையில் வைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா ரிப்பனைப் பார்த்தாள். பிறகு அலுமாரியின் மேல் தட்டைப் பார்த்தாள்.

அங்கே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு சேலை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் டவுன் அம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தபோது, அம்மனுக்குச் சாத்திய சேலையை ஐயர் தட்டில் வைத்து அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். இரத்தச் சிவப்பில் பட்டு. அம்மா அதை ஒரு நாளும் உடுத்தவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவாள், அவ்வளவுதான். சாமி அறை இல்லாத எங்கள் வீட்டில் அந்த மேல் தட்டுதான் எங்களுக்குக் கோயில் மாதிரி.

மாமாவுக்கு விளங்கியதும் எழும்பி நின்றுவிட்டார். உடுத்துவது வேறு, கத்தரி வைப்பது வேறு என்றார். ஏற்கனவே ஒரு பிழை செய்துவிட்டேன், அதற்கு மேலே இந்தப் பாவமும் என் தலையிலா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா குத்துவிளக்கை ஏற்றி, அலுமாரிக்கு முன்னால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, "சரி தம்பி. பூப் போட்டுக் கேப்போம். அவ வேணாம்னா வேணாம்" என்றாள்.

பூப் போட்டுக் கேட்பது எங்கள் ஆட்களிடம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

பூப் பறிக்க அம்மாவே போனாள். பின் வாசலில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து பறித்தாள். அடுப்படி வாசலில் நின்ற அப்பாவுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். அம்மா உள்ளே வரும்போது கையில் இரண்டு பொட்டலம், பச்சை வெட்டுத் துணியில் சுற்றி நூலால் கட்டியது. விளக்கடியில் வைத்தாள். மாமா சட்டைப் பட்டனை எல்லாம் பூட்டிக்கொண்டு கை கூப்பி நின்றார்.

"எடு பாப்பா" என்றாள் அம்மா.

கோழி இறகுக்காரி, வளையல் துண்டுக்காரி எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது. வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். மாமாதான் பிரித்தார். பிரிக்கிறபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்ததும் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். உள்ளே நந்தியாவட்டை.

அதற்குப் பிறகு வீடே ஓடியது. அம்மா சேலையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் வெட்டு வெட்டினாள். மாமா நுனியைப் பிடித்தார், அப்பா மடித்துக் கொடுத்தார். பட்டு நூல் பிரியாமல் இருக்க அம்மா இரண்டு மடிப்பு மடித்து ஓட்டினாள். லொறிகள் வந்தன. அன்றைக்கு எந்த லொறிக்கும் அம்மா காலை நிறுத்தவில்லை.

என்னைக் கவனிக்க யாரும் இல்லாத நேரம், விளக்கடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மன் வேண்டாம் என்று சொல்ல வைத்திருந்த பூ எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

ஓடிப்போய் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அம்மா தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு தரம் சரின்னு சொல்லிட்டா பாப்பா. மாமாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத. அவ ஒனக்கு மட்டும் காட்டுனது அது."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சொன்ன நேரத்துக்குப் பெரியக்கா இன்னும் இரண்டு பெண்களோடு வந்தாள். கவுனை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தவள், பட்டா என்று கேட்டாள். அம்மா தலையாட்டினாள். இது பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு, இனி எந்தப் பஞ்சாங்கக்காரனும் வாயைத் திறக்க முடியாது என்று பெரியக்கா சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா ஒன்றுதான் சொன்னாள். கவுன் பழசானால் கரித்துணி ஆக்க வேண்டாம், கரையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து தந்துவிடுங்கள் என்றாள். வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொடுத்த துணியத் திருப்பிக் கேக்குற தையக்காரிய இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒருத்தி படி இறங்கும்போது சொன்னது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கூட அம்மா கொஞ்சம் கஞ்சம்தானோ என்று தோன்றியது.

வருஷத்தன்று அப்பா என்னைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மேட்டு லயத்திலிருந்து படிக்கட்டு வழியாகப் பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். பச்சையில் சிவப்பு ஓரம் அசைய அசைய. எனக்கும் அதே கவுன். எது கோழி இறகுக்காரி என்று நான் முழங்கால்களைப் பார்த்தே கண்டுபிடித்தேன். பூசாரி ஒவ்வொரு பிள்ளைக்கும் திருநீறு பூசினார். அவர்கள் எல்லாரும் எதை உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்று எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் கீழ்த் தோட்டமும் வந்தது. பஞ்சாங்கம் இரண்டும் ஒத்துப்போன வருஷங்களில்கூட, அந்தக் கரை வைத்த கவுன்தான் வேண்டும் என்று கேட்டார்கள். காலியாக இருந்த மூலைக்கு இரண்டாவது மெசின் வந்தது. பெரியக்காவின் மகளே வந்து அதில் உட்கார்ந்தாள். சிலர் பழைய கரைகளை ஞாபகமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அவற்றைக் கழுவி, மடித்து, அதே மஞ்சள் துணியில் வைத்துக்கொண்டாள். அம்மா மெசினில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிய பிறகு, அந்தப் பொட்டலத்தைக் கோயில் தீர்த்தக் குளத்தில் விட்டது நான்தான்.

மாமா சாகிறவரைக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடு, செத்த வீடு, எங்கேயும் சொல்வார். கதை வருஷத்துக்கு வருஷம் மாறியது. அம்மனே கேட்டு வாங்கிக் கொடுத்த கரை அது, தான் பச்சை என்று சொன்னதே அவள் சொல்லவைத்தது என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். தன் பிழை என்கிற துண்டு அதிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு, முதல் தடவை கேட்கிறவள் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நானும் மாமாவிடம் சொல்லவில்லை. அம்மன் எனக்கு மட்டும் காட்டியதை எப்படிச் சொல்வது? சிவப்புப் பூ துணிக்குள் இருந்தபடியே எப்படி வெள்ளையாகியிருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகூட யோசித்திருக்கிறேன். அவள் செய்யவில்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். யார் கையை வைத்துச் செய்தாள் என்பதை விளங்கிக்கொள்ளத்தான், நானும் ஒரு வீட்டை நடத்தி, நாலு பேர் மனசைத் தாங்கிப் பார்க்கவேண்டியிருந்தது.

அந்த வயதில் அது விளங்கவில்லை. பூப் போட்ட மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பின் வாசலுக்குப் போய்ச் செவ்வரளிச் செடியைப் பார்த்தேன். நேற்று எண்ணி விளையாடிய பூக்கள் ஒன்று குறையாமல் கொத்துக் கொத்தாக நின்றன. ஒரு காம்பு கூட ஒடிந்திருக்கவில்லை. எடுத்த பூவை அம்மன் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று நினைத்து, நான் செடியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.